கடல் நடுவே குடிநீர்

கோடை விடுமுறைக்கு ஊர் செல்வோர் இரயில் முன்பதிவு செய்வது குறித்துச் சென்ற இதழில் எழுதினேன். அதன் தொடர்ச்சியை இம்மாதம் எழுதுவதாக வாக்களித்தும் இருந்தேன். அதை அடுத்த திங்களுக்குத் தள்ளி வைக்கிறேன், பொறுத்தருள வேண்டும். முன்பதிவு செய்த என் குடும்பமே இவ்வாண்டு ஊருக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைச் சொல்லத் தொடங்கினால், ஒரு பாய்மரப் படகின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

தேவராவில் எங்கள் கட்டடத்துக்கு அடுத்த சந்தில் தூத்துக்குடிக்காரர் ஒருவர் குடியிருக்கிறார். குழாய் வேலையும் படகுகளின் பழுது பார்க்கும் வேலையும் செய்பவர். எங்களுக்கெல்லாம் அவர் அண்ணாச்சி. அவருடைய தகப்பனார் தோணியில் தண்டலாக இருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வந்தவர். கடந்த தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி என்னை அழைத்து, “போல்காட்டித் துறையில் வெளிநாட்டுப் படகு ஒன்று நிற்கிறது. தண்ணீர்க் குழாயில் சிறு வேலை இருக்கிறது. கூட வாருங்கள் தம்பி, ஆங்கிலத்தில் பேச ஓர் ஆள் வேண்டும்” என்றார். அலுவலகத்தில் கடிதம் எழுதிப் பழகிய என் ஆங்கிலத்துக்கு அவ்வளவு மதிப்பு இருப்பதை எண்ணி மகிழ்ந்து, உடனே புறப்பட்டேன்.

அது நாற்பது அடி நீளமுள்ள பாய்மரப் படகு. அதில் இருந்தவர்கள் கணவனும் மனைவியுமாக இருவர். வயது அறுபதைக் கடந்தவர்கள். இலங்கையின் காலித் துறைமுகத்திலிருந்து கொச்சிக்கு வந்தவர்கள். இங்கிருந்து ஓமான் நாட்டுச் சலாலாவுக்குப் போக இருந்தார்கள். கடல்வழியே அது ஏறத்தாழ 1,350 மைல். காற்று ஒத்துழைத்தால் பன்னிரண்டு, பதின்மூன்று நாள். வழியில் குழாயும் இல்லை, கிணறும் இல்லை, தண்ணீர் லாரியும் இல்லை.

“எவ்வளவு தண்ணீர் கொண்டு போகிறீர்கள்?” என்று கேட்டேன். அந்த அம்மையார் படுக்கைப் பலகையைத் தூக்கிக் காட்டினார். அதன் அடியில் ஒரு தொட்டி. எதிர்ப்புறப் படுக்கைக்கு அடியில் மற்றொன்று. ஒவ்வொன்றும் 200 லிட்டர் கொள்ளும். இவை தவிர, 20 லிட்டர் பிடிக்கும் கேன்கள் ஆறு, மேல்தளத்தில் கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருந்தன. ஆக மொத்தம் 520 லிட்டர்.

என் வீட்டில் நால்வர். ஒரு நாளில் நாங்கள் அவ்வளவு தண்ணீரையும் செலவழித்து, மாலையில் இன்னும் ஒரு வாளி இருந்தால் நன்றாயிருக்கும் என்போம். அவர்களோ ஆளுக்கு நாள் ஒன்றுக்கு நான்கு லிட்டர் என்று கணக்கு வைத்திருந்தார்கள். குடிக்க, சமைக்க, பல் துலக்க எல்லாவற்றுக்கும் அதுதான். அந்தக் கணக்குப்படி தொட்டிகளில் உள்ள 400 லிட்டர் ஐம்பது நாளுக்கு வரும். பதின்மூன்று நாள் வழிக்கு ஐம்பது நாள் நீர் எதற்கு என்று கேட்டேன். பாய்மரம் முறிந்தால் பதின்மூன்று நாள் நாற்பது நாளாகும் என்றார் அந்தப் பெரியவர்.

பாத்திரம் கழுவுவதும் குளிப்பதும் அவர்களுக்குக் கடல் நீரில்தான். சாதாரண சோப்பு உப்பு நீரில் நுரைக்காது. பாத்திரம் கழுவும் திரவம் நுரைக்கும். குளித்து முடித்தபின் உப்புப் போக அரை லிட்டர் நன்னீரை மேலே தெளித்துத் துடைத்துக்கொள்வார்கள். உருளைக்கிழங்கு வேகவைக்க மூன்று பங்கு நன்னீருக்கு ஒரு பங்கு கடல் நீர், உப்பும் மிச்சம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டிமார் சொன்னதைக் கடலில் இருந்துகொண்டு கடைப்பிடிக்கிறார்கள்.

நிற்க. தொட்டி என்றால் ஒரு பெட்டியில் நீரை ஊற்றி மூடி வைப்பதுதானே என்று எண்ணியிருந்தேன். அண்ணாச்சி வேலை செய்துகொண்டே விளக்கியபோதுதான் அதில் எவ்வளவு யோசனை அடங்கியிருக்கிறது என்பது விளங்கிற்று. 400 லிட்டர் நீர் என்பது 400 கிலோ எடை. அந்த எடை படகின் நடுவிலும் அடியிலும் இருக்க வேண்டும். மேலே இருந்தால் படகு தள்ளாடும். ஒரு பக்கத் தொட்டியை மட்டும் காலி செய்தால் படகு மறுபக்கம் சாயும். ஆகவே இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் உண்டு. அவை இல்லாவிட்டால், அலையில் படகு ஆடும்போது உள்ளே நீரும் புரண்டு புரண்டு மோதித் தொட்டியின் இணைப்புகளைப் பிளந்துவிடும்.

தொட்டிக்கு மூச்சு விடும் குழாய் ஒன்றும் தேவை. நீர் வெளியேறும்போது அவ்விடத்தை நிரப்பக் காற்று உள்ளே புக வேண்டும். பூச்சி கூடு கட்டி அக்குழாய் அடைபட்டால், தொட்டி நிறைய நீர் இருந்தும் பம்பு இழுக்காது. அக்குழாயின் வாய் கடலலை எட்டும் இடத்தில் இருந்தாலோ, புயலில் உப்பு நீர் உள்ளே இறங்கிவிடும். மேல்தளத்தில் நீர் ஊற்றும் மூடிக்கும் இதே ஆபத்து. அதன் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் தொட்டி முழுவதும் கரித்துப் போகும். நீர் ஊற்றும் மூடியும் டீசல் ஊற்றும் மூடியும் ஒரே மாதிரி அருகருகே இருந்த படகுகளில், அசதியில் டீசலை நீர்த் தொட்டியில் ஊற்றிவிட்டுத் தவித்தவர்கள் உண்டாம். இந்தப் படகில் ஒன்றுக்கு நீலமும் மற்றொன்றுக்குச் சிவப்பும் பூசியிருந்தார்கள்.

எல்லாவற்றிலும் என் மனத்தில் பதிந்தது ஒன்று. இரு தொட்டிகளையும் ஒருபோதும் ஒருங்கே திறந்து விடுவதில்லை. நடுவில் அடைப்பான் உண்டு. ஒன்றில் உப்போ எண்ணெயோ கலந்தாலும் மற்றொன்று பிழைத்திருக்கும். மின்சாரப் பம்பையும் அவர்கள் நடுக்கடலில் நிறுத்தி விடுகிறார்கள். காலால் மிதிக்கும் பம்பே பயன்படுகிறது. ஏனெனில் எங்கேனும் குழாய் விட்டுப் போனால், மின்சாரப் பம்பு ஒரே இரவில் தொட்டி முழுவதையும் படகின் அடிப்பள்ளத்தில் கொட்டிவிடும். குழாயைத் திறக்காதபோது பம்பு ஓடும் ஓசை கேட்டால் தூக்கத்திலும் எழுந்துவிட வேண்டும் என்றார் அந்த அம்மையார்.

இத்தனை எச்சரிக்கையும் மிகையென்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் செய்த படகு ஒன்றே சான்று. 32 அடி நீளமுள்ள ‘சுஹைலி’ என்னும் படகு பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் அதில் 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத் துறையிலிருந்து தனியாகப் புறப்பட்டு, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி, 312 நாட்களுக்குப் பின் 1969 ஏப்ரல் 22 அன்று அதே துறைக்குத் திரும்பினார். நிற்காமல் தனியே உலகைச் சுற்றியவர்களில் அவரே முதல்வர். தென்கடலில் அலை மோதிப் படகு புரண்டு எழுந்தபின் அவருடைய தொட்டி நீர் கெட்டுப் போய்விட்டது. கேன்களில் தனியே வைத்திருந்த நீரும் பாயில் பிடித்த மழை நீருமே அவரைக் காப்பாற்றின. எல்லா நீரையும் தொட்டியிலேயே வைத்திருந்தால் அந்தப் பயணத்தின் முடிவு வேறாக இருந்திருக்கும்.

அந்தச் ‘சுஹைலி’யின் அமைப்பிலேயே கோவாவில் கட்டிய ‘துரியா’ என்னும் படகில்தான், 2018-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி சென்றார். பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு, மூன்று நாட்களுக்குப் பின் மீட்கப்பட்டார். மனம் தளராமல் அதே பந்தயத்தின் அடுத்த சுற்றில் 2022 செப்டம்பர் 4 அன்று புறப்பட்டு, 236 நாட்கள் தனியே பயணம் செய்து, 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாமவராகக் கரை சேர்ந்தார். நாளுக்கு மூன்று லிட்டர் என்றே வைத்தாலும் 236 நாளுக்கு 708 லிட்டர் ஆகிறது. சிறு படகுக்கு இது பெருஞ்சுமை. ஆகவே நெடும்பயணம் போகிறவர்கள் வானத்தையும் ஒரு தொட்டியாகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். நம் புதுச்சேரிப் பெண் ரூபாவும் கோழிக்கோட்டுப் பெண் தில்னாவும் கடற்படையின் ‘தாரிணி’யில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, நான்கு துறைகளில் மட்டும் நின்று, 2025 மே 29 அன்று உலகைச் சுற்றித் திரும்பியதை அன்பர்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். தமிழ் பேசும் வீட்டில் பிறந்த பெண்ணொருத்தி கடல் நடுவே தண்ணீர்க் கணக்குப் பார்த்திருக்கிறாள் என்பது நமக்குப் பெருமையல்லவா?

மழை நீரைப் பிடிப்பதிலும் முறை உண்டு. முதல் மழை பாயிலுள்ள உப்பையும் தூசியையும் கழுவும். அதைப் போக விட வேண்டும். பிறகு கையில் ஏந்திச் சுவைத்துப் பார்த்து, கரிப்பு இல்லை என்றான பின்பே கேனில் பிடிக்க வேண்டும். நேரே தொட்டியில் விடுவதில்லை. கடல் நீரை நன்னீராக்கும் இயந்திரமும் இக்காலத்தில் உண்டு. சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 55 கிலோ அழுத்தத்தில் கடல் நீரை மெல்லிய சவ்வு ஒன்றின் வழியே செலுத்தினால், உப்பு பின்தங்க நீர் மட்டும் கசிந்து வரும். ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும். துறைமுகத்து எண்ணெய் நீர் பட்டால் சவ்வு கெடும். குளோரின் பட்டாலும் கெடும். ஆதலால் அந்த இயந்திரம் இருக்கிறது என்று நம்பித் தொட்டியைக் காலியாக வைத்துப் புறப்படுகிறவர் இல்லை. தாகம் தாங்காமல் கடல் நீரையே குடிக்கலாமா என்றால், அதில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதை வெளியேற்றச் சிறுநீரகம் குடித்த நீரைவிட அதிக நீரைச் செலவிட வேண்டும். குடிக்கக் குடிக்க உடல் வறளும்.

அண்ணாச்சி வேலையை முடித்ததும் அந்த அம்மையார் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். பதிவேடு என்றால் எழுத்தனுக்குக் கண் தானாகப் போகும் அல்லவா? எட்டிப் பார்த்தேன். எந்தத் தேதியில், எந்தத் துறையில், எந்தத் தொட்டியில் எத்தனை லிட்டர் ஏற்றியது; சுவை எப்படி இருந்தது; குளோரின் எவ்வளவு கலந்தது; தொட்டியைக் கடைசியாகத் திறந்து கழுவியது எப்போது — எல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அளவுமானி பொய் சொல்லும் என்று, குச்சி விட்டு அளந்த கணக்கும் தனியே இருந்தது. கரையில் நீர் ஏற்றும்போது சொந்த ரப்பர் குழாயையே பயன்படுத்துவார்களாம். முதலில் சிறிது நேரம் நீரைத் தரையில் விட்டு, ஒரு தம்ளரில் பிடித்து, முகர்ந்து, சுவைத்து, அதன் பிறகே ஒரு தொட்டியை நிரப்புவார்களாம். மறு தொட்டியில் பழைய, நம்பிக்கையான நீர் அப்படியே இருக்கும்.

நான் வியந்து பாராட்டினேன். அப்போது அந்த அம்மையார் சாதாரணமாக என்னைக் கேட்டார்: “உங்கள் வீட்டுத் தொட்டியைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?”

“அண்மையில்தான்” என்றேன். அன்பர்களே, அது பொய். எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு குடும்பங்கள். தரைக்கடியில் ஒரு தொட்டி, மாடியில் ஒரு தொட்டி. அவற்றைக் கழுவி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கட்டடக் குழுவின் கணக்கு அவ்வாண்டு என் பொறுப்பில் இருந்தது. கழுவும் செலவுக்குப் பணம் இருந்தும், “விஷு கழியட்டும், பார்ப்போம்” என்று தள்ளிப் போட்டவன் நானே. ஆண்டிறுதியில் கையிருப்பு அதிகம் காட்டி நற்பெயர் வாங்கும் ஆசை என்பதையும் மறைக்காமல் சொல்லி விடுகிறேன்.

மாசி, பங்குனியில் குழாய் நீர் சில நாட்கள் வராமல் போயிற்று. லாரித் தண்ணீர் வாங்கினோம். எந்த லாரி, எங்கே பிடித்த நீர் என்று யாரும் கேட்கவில்லை. சித்திரையில் என் மகளுக்கு, மூன்றாம் வகுப்புப் பிள்ளை, காய்ச்சலும் வாந்தியும் கண்டு, பின்பு கண் மஞ்சளாயிற்று. அதே வாரம் மேல்மாடியில் குடியிருக்கும் மலையாளப் பெரியவர் ஒருவரும் படுத்தார். நீரால் பரவும் மஞ்சட்காமாலை என்றார் மருத்துவர். பெரியவர் பத்து நாள் மருத்துவமனையில் இருந்தார். என் மகள் நான்கு வாரம் படுக்கையில் இருந்தாள். ஊர்க் கொடைக்குப் போக எடுத்திருந்த பாஸ் பெட்டியிலேயே கிடந்து காலாவதியாயிற்று. ஆச்சியைப் பார்க்க வேண்டுமென்று அவள் அழுத அழுகைக்கு என்னிடம் பதில் இல்லை.

தொட்டிதான் காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் கேட்டது வேறு. இந்நோய்க் கிருமி உடலில் புகுந்து, நோய் வெளியே தெரிய இரண்டு முதல் ஆறேழு வாரம் ஆகும். ஆகவே, “ஒரு மாதத்துக்கு முன் எந்தத் தண்ணீர் குடித்தீர்கள்?” என்று கேட்டார். பன்னிரண்டு வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. இரயில்வேயில் ஒரு மூட்டை வெங்காயத்துக்கும் தேதியும் எண்ணும் எழுதி வைக்கிற எனக்கு, என் பிள்ளை குடித்த நீரின் தேதி தெரியவில்லை. நடுக்கடலில் இருவர் மட்டும் வாழும் படகில் அந்தக் கணக்கு இருந்தது.

கொதிக்க வைத்துத்தானே குடிக்கிறோம் என்று என் மனைவி கேட்டாள். உண்மைதான். இந்த ஊர் வழக்கப்படி பதிமுகம் போட்டுச் சிவக்கக் கொதிக்க வைக்கிறோம். ஆனால் சூடு பொறுக்காமல், பிள்ளைகள் அதில் பாதிப் பச்சைத் தண்ணீரைக் கலந்து குடிப்பதை எத்தனை வீடுகளில் கவனிக்கிறோம்? கலந்த நொடியே கொதிக்க வைத்த பயன் போயிற்று.

பெரியவரின் வீட்டுக்குப் போய், பணம் இருந்தும் தள்ளிப் போட்டதைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “இனிமேல் யார் எழுதப் போகிறார்கள்?” என்று மட்டும் கேட்டார். “நானே எழுதுகிறேன்” என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியின் துணையோடு தொட்டிகளைத் திறந்தோம். அடியில் நான்கு விரற்கடை சேறு. மாடித் தொட்டியின் மூச்சுக் குழாயில் வலை இல்லை. நாங்கள் செய்ததை, நம் இல்லங்களுக்குப் பயன்படும் என்று கருதிச் சொல்கிறேன்.

தரைக்கடித் தொட்டியின் மூடியை நெடுநேரம் திறந்து வைத்து, மேலே ஓர் ஆள் நிற்க, பிறகே உள்ளே இறங்க வேண்டும். தனியாக இறங்கவே கூடாது. சேற்றை அள்ளித் தேய்த்துக் கழுவிய பின், தொட்டியை நிரப்பி, 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 170 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கரைத்து விட்டு ஓரிரவு வைக்க வேண்டும். இது குடிக்கும் நீரன்று. மறுநாள் குழாய்கள் வழியே முழுவதையும் வடித்து, நன்னீரால் அலச வேண்டும். அதன்பின் குடிநீருக்கு 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் போதும். அதை ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின், மேல்தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்த வேண்டும். பொட்டலம் பிரித்து நாளான பவுடர் வலுவிழக்கும். அதனோடு வினிகரையோ கழிவறை கழுவும் அமிலத்தையோ சேர்க்கக் கூடாது. நச்சுப் புகை எழும். மூச்சுக் குழாய்க்கு வலை கட்ட வேண்டும். லாரி நீரை நேரே பழைய நீரில் கலக்காமல், ஒரு தொட்டியில் மட்டும் ஏற்றிக் குளோரின் இட வேண்டும். இரண்டு குடம் நம்பிக்கையான நீர் எப்போதும் தனியே இருக்க வேண்டும். இவையே நம் வீட்டுக் கேன்கள்.

பெரியாற்று நீரை வள்ளங்களில் ஏற்றி வந்து மட்டாஞ்சேரியில் விற்ற காலம் ஒன்று உண்டு. அக்காலத்தவர் தாங்கள் குடிக்கும் நீர் எவருடைய வள்ளத்தில் வந்தது என்று அறிந்திருப்பார்கள். குழாய் வந்தபின் அந்தக் கேள்வியை நாம் மறந்தோம். உப்புக் காயல் சூழ்ந்த இந்த ஊரில் நாமும் ஒருவகையில் படகில் இருப்பவர்கள்தாம்.

இப்பொழுது எங்கள் கட்டடத்தில் பம்பின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. தேதி, நீர் வந்த இடம், அளவு, குளோரின், கழுவிய நாள் என ஐந்து பத்திகள். முதல் பக்கத்தில் கோடு போட்டுத் தந்தவள் என் மகள். மேல்மாடிப் பெரியவர் மாலையில் இறங்கி வந்து, அன்றைய வரி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார். ஒரு நாள் நான் மறந்துவிட்டேன். கதவைத் தட்டிக் கூப்பிட்டார்.

அன்பர்களே, இந்த இதழை மடித்து வைக்குமுன் ஒரு கேள்வியை உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்: நம் தொட்டியைக் கடைசியாகத் திறந்தது எப்போது? தேதி தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால், வருகிற ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட தாள் வேண்டுவோர் அடுத்த சங்கக் கூட்டத்தில் என்னிடம் கேட்டால், படி எடுத்துத் தருவேன்.

முன்பதிவுத் தொடர்ச்சி அடுத்த இதழில் தவறாமல் வரும்.